கூண்டுக்காரர் பதில்கள்: பத்து நிமிடச் சோறு, பன்னிரண்டு மணி நேரப் பகல்

ஓர் உயிரியல் பூங்காவில் 31 வருடம் விலங்குக் காப்பாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் இந்தப் பகுதியில் வாசகர்களுக்குப் பதில் சொல்லி வருகிறார். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றி வந்தன. கூண்டுக்குள் இருக்கும் விலங்கு நாள் முழுக்க என்ன செய்யும்? அந்தக் கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

கேள்வி: ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை மிருகக்காட்சி சாலைக்கு அழைத்துப் போயிருந்தோம். ஒரு கரடி சுவரோரமாகப் பத்தடி நடக்கிறது, திரும்புகிறது, மறுபடி பத்தடி. நாங்கள் நின்ற அரை மணி நேரமும் அதே வேலை. "மிஸ், கரடி வாக்கிங் போகுது" என்று பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது ஏன் அப்படி நடக்கிறது?
– ஆசிரியை, திண்டுக்கல்

பதில்: அடுத்த முறை போகும்போது கரடியை விட்டுவிட்டுத் தரையைப் பாருங்கள் டீச்சர். என் பொறுப்பில் இருந்த கரடி நடந்து நடந்து மண்ணில் ஒரு வாய்க்காலே வெட்டியிருந்தது. திரும்பும் இடத்தில் வலது முன்னங்கால் விழும் குழி ஒன்று. ஒவ்வொரு முறையும் அதே குழி, அதே மாதிரி ஒரு தலைச் சிலுப்பல். டாக்டர்கள் ஸ்டீரியோடைப்பி என்பார்கள். நாங்கள் காப்பாளர்கள் எங்களுக்குள் செக்கு நடை என்போம்.

காட்டில் இருக்கும் நம் நாட்டுக் கரடியை யோசித்துப் பாருங்கள். அதற்கு மேல்வரிசையில் நடுப்பல் இரண்டு கிடையாது. அந்த இடைவெளி வழியாகத்தான் புற்றிலிருந்து கரையானை உறிஞ்சும். உதட்டைக் குழாய் மாதிரி குவித்துக்கொண்டு அது உறிஞ்சும் சத்தம் நூறு மீட்டருக்கு அப்பாலும் கேட்கும். புற்றைத் தோண்ட வேண்டும், தூசியை ஊத வேண்டும், அப்புறம் உறிஞ்ச வேண்டும். தேனடைக்காக மரம் ஏற வேண்டும். நாவல் எங்கே பழுத்தது, கொன்றைக்காய் எங்கே விழுந்தது என்று மோப்பம் பிடித்து அலைய வேண்டும். வயிறு நிறையப் பாதி ராத்திரி ஆகிவிடும்.

எங்களிடம்? காலையில் தட்டில் கஞ்சி, பழம். நான் கைக்கடிகாரம் வைத்துப் பார்த்திருக்கிறேன், பத்து நிமிடத்தில் தட்டு சுத்தம். பகல் பன்னிரண்டு மணி நேரம். மிச்சத்தை அது எங்கே கொண்டுபோய்க் கொட்டும்? கால் வழியாகத்தான் கொட்டும்.

எல்லா விலங்குக்கும் இது ஒரே அளவில் வருவதில்லை. காட்டில் அதிக தூரம் சுற்றுகிற ஊனுண்ணிகள்தான் கூண்டில் அதிகம் நடக்கின்றன என்று ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ராஸ் கிளப், ஜார்ஜியா மேசன் இருவரும் 2003-இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். பனிக்கரடிதான் அதற்கு முதல் உதாரணம். நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் கஸ் என்று ஒரு பனிக்கரடி இருந்தது. குளத்தில் எட்டு போட்ட மாதிரி மணிக்கணக்காக நீந்திக்கொண்டே இருக்கும். 1994-இல் அதற்கு மனநோய் என்று பத்திரிகைகள் எழுத, ஊரே அதைப் பற்றிப் பேசியது. ஒரு விலங்குப் பயிற்சியாளரை அழைத்து வந்தார்கள். அவர் ஐஸ் கட்டிக்குள் மீனை உறைய வைத்துக் கொடுத்தார், சாப்பாட்டை ஒளித்து வைத்தார். கஸ்ஸின் எட்டு குறைந்தது, முழுக்க நிற்கவில்லை. 2013-இல் தன் 27-ஆவது வயதில் அது இறந்தது.

எங்கள் கரடிக்கு நாங்கள் ஒரு பட்டுப்போன மரத்துண்டில் துளை போட்டு, தேனும் கேழ்வரகு மாவும் பிசைந்து உள்ளே திணித்தோம். களிமண்ணைக் குவித்துப் பொய்ப்புற்று கட்டினோம். காலைத் தட்டையே நிறுத்திவிட்டோம். முதல் வாரம் அது என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. அந்த ஐப்பசி மழைக்கு அதன் வாய்க்காலில் ஒரு பாதியில் புல் முளைத்தது. மறுபாதியில் முளைக்கவில்லை. பல வருடம் ஊறிய பழக்கம் போவதில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் எல்லா விலங்குமே கதவுப் பக்கம் உலாத்தும். அதை நோய் என்று நினைத்துவிடாதீர்கள். பிள்ளைகளிடம் ஆளுக்கு ஒரு நோட்டுக் கொடுத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை விலங்கு என்ன செய்கிறது என்று எழுதச் சொல்லுங்கள். அதற்கு அப்புறம் சிரிக்க மாட்டார்கள், கேள்வி கேட்பார்கள். பதில் சொல்ல ஒரு காப்பாளரைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: உட்கார வைத்துச் சோறு போட்டால் யாருக்குக் கசக்கும்? வாயில்லா ஜீவனைக் கூண்டில் அடைத்ததும் போதாமல் அதற்கு வேலையும் வைக்கிறீர்களே, இது என்ன நியாயம்?
– ஓய்வு பெற்ற எழுத்தர், மன்னார்குடி

பதில்: ஐயா, ஓய்வு பெற்று எத்தனை மாதம் ஆகிறது? நான் ஓய்வு பெற்ற நாலாம் மாதம் வீட்டுக் கதவுத் தாழ்ப்பாளை எல்லாம் கழற்றி எண்ணெய் போட்டு மாட்டினேன். ஒன்றும் பழுதாகியிருக்கவில்லை.

வேடிக்கையை விடுங்கள். 1963-இல் ஜென்சன் என்ற ஆராய்ச்சியாளர் எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார். கூண்டுக்குள் ஒரு கிண்ணத்தில் தீனி நிறைய இருக்கிறது, யாரும் தடுக்கவில்லை. பக்கத்திலேயே ஒரு பிடி. அதை அழுத்தினாலும் அதே தீனி விழும். எலிகள் கிண்ணத்தை விட்டுவிட்டுப் பிடியை அழுத்தப் போயின. அப்புறம் புறா, குரங்கு என்று பல விலங்குகளிடம் இதையே பார்த்தார்கள். சும்மா கிடைப்பதை வைத்துக்கொண்டே உழைத்துத் தின்னப் போகிற இந்தக் குணத்துக்குக் காண்ட்ராஃப்ரீலோடிங் என்று வாயில் நுழையாத ஒரு பெயர் இருக்கிறது. இதில் சேராத ஆள் நம் வீட்டுப் பூனை. அதற்கும் சோதனை வைத்தார்கள். அது கிண்ணத்தில் இருந்ததைத் தின்றுவிட்டுப் படுத்துக்கொண்டது.

குரங்கு இன்னும் ஒருபடி மேல். அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஹாரி ஹார்லோ என்பவர் 1950-ஐ ஒட்டிய வருடங்களில், கொக்கியும் ஆணியும் கொண்ட ஒரு பூட்டுப் புதிரைக் குரங்குக் கூண்டில் வைத்தார். திறந்தால் பரிசு எதுவும் கிடையாது. ஆனாலும் குரங்குகள் உட்கார்ந்து மணிக்கணக்காக அதைக் கழற்றிக்கொண்டே இருந்தன. பாறையில் மயில் இட்ட முட்டையை வெயில் காயும் முசுக்குட்டி உருட்டி விளையாடுவதாக நம் சங்கப் பாட்டு ஒன்றில் வருகிறது. அந்தக் குட்டிக்கும் யாரும் கூலி கொடுக்கவில்லை.

கேள்வி: புலிக்கு சென்ட் பிடிக்குமா தாத்தா? எங்கள் அண்ணன் பிடிக்கும் என்கிறான். பந்தயம் கட்டியிருக்கிறோம்.
– ஆறாம் வகுப்பு மாணவி, ஈரோடு

பதில்: பந்தயத்தில் தோற்றுவிட்டாய் கண்ணு. நியூயார்க்கில் பிராங்ஸ் மிருகக்காட்சி சாலையில் 2003-இல் சிவிங்கிப்புலிகளுக்கு 24 வகை சென்டை வைத்துப் பார்த்தார்கள். கால்வின் க்ளைன் கம்பெனியின் 'அப்செஷன் ஃபார் மென்' தான் ஜெயித்தது. அதைத் தடவிய இடத்தில் சராசரியாக 11 நிமிடம் மோந்துகொண்டும் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டும் நின்றனவாம். புனுகுப்பூனையிடம் வருகிற வாசம் மாதிரி ஒன்று அந்த சென்டில் இருப்பதுதான் காரணம் என்கிறார்கள். 2018-இல் மகாராஷ்டிரத்தில் ஆட்களைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட அவனி என்ற பெண்புலியைத் தேடியபோது வனத்துறை இதே சென்டைக் காட்டில் தெளித்தது.

எங்களுக்கு அவ்வளவு வசதி ஏது? பட்டையும் கிராம்பும் பொடித்துத் தூவுவோம். மான் கொட்டடியிலிருந்து ஒரு கூடை சாணியும் வைக்கோலும் கொண்டுவந்து புலி அடைப்பில் போடுவோம். காசு செலவில்லாமல் புலிக்கு அன்று முழுக்க வேலை. மறுநாள் என் வீட்டில்தான் கிராம்பு டப்பா காலி.

கேள்வி: மலைப்பாதைக் குரங்குகளுக்கு நாங்கள் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிக்காமலே கொடுப்போம். அதுவே பிரித்துத் தின்னும். நீங்கள் சொல்லும் மூளைக்கு வேலை இதுவும்தானே?
– கோயம்புத்தூர்

பதில்: இல்லை. காட்டுக் குரங்குக்கு ஏற்கெனவே நிறைய வேலை இருக்கிறது. நீங்கள் அதைக் கெடுத்து, லாரிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார வைக்கிறீர்கள்.

கேள்வி: எங்கள் ஊர்க் கோயில் யானை நாதஸ்வரத்துக்குத் தலையாட்டி, கால் மாற்றி மாற்றி ஆடும். பார்க்கவே கொள்ளை அழகு. ஆனால் என் மகள் அது சந்தோஷத்தில் ஆடவில்லை என்று சண்டைக்கு வருகிறாள்.
– இல்லத்தரசி, கும்பகோணம்

பதில்: அம்மா, நடை சாத்திய பிறகு மதியம் இரண்டு மணிக்குப் போய்ப் பாருங்கள். வாசிக்க ஆள் இருக்காது. யானை ஆடிக்கொண்டிருக்கும். உங்கள் மகள் சொல்வது சரி. அந்தக் கரடியின் பத்தடி நடைதான் இது. காலில் சங்கிலி இருப்பதால் நடக்க முடியாமல் நின்ற இடத்திலேயே ஆடுகிறது.

யானை காட்டில் பகலும் இரவுமாகப் பெரும்பாலான நேரம் நடந்துகொண்டும் தின்றுகொண்டும் இருக்கும். பெண் யானை அம்மா, அக்கா, சித்தி என்று ஒரு கூட்டுக் குடும்பத்தில் கடைசிவரை வாழும். நம் கோயில் யானைகள் பெரும்பாலும் பெண் யானைகள். அவை தனியாக நிற்கின்றன. தமிழ்நாட்டில் 2003-இல் கோயில் யானைகளுக்கு முதுமலையில் புத்துணர்வு முகாம் தொடங்கினார்கள். 2012-இலிருந்து மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டியில் பவானி ஆற்றோரம் 48 நாள் நடந்தது. நான் ஒருமுறை போய்ப் பார்த்தேன். மருந்து லேகியம் எல்லாம் கொடுத்தார்கள், நல்லதுதான். என் கண்ணில் நின்றது வேறு. லாரியிலிருந்து இறங்கிய ஒரு யானை அடுத்த கொட்டகையில் நின்ற யானையின் வாய்க்குள் தும்பிக்கையை விட்டு வணக்கம் சொல்லியது. பாகன்கள் இரண்டு பேரும் அதுபாட்டுக்கு இருக்கட்டும் என்று பீடி பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

மத்திய மிருகக்காட்சி சாலை ஆணையம் 2009-லேயே மிருகக்காட்சி சாலைகளில் யானை வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது. எங்களைப் போன்ற ஏக்கர் கணக்கான இடமே யானைக்குப் போதாது என்றால், மண்டபம் எப்படிப் போதும்? ஆனால் நாளைக்கே செய்யக்கூடியதும் இருக்கிறது. தென்னை மட்டையை நறுக்கிப் போடாமல் முழுசாகப் போடலாம், அதுவே கிழித்து, தட்டி, மண் உதறித் தின்னட்டும். ஒரு லோடு மணல் கொட்டினால் முதுகில் வாரிப் போட்டுக்கொள்ளும். கருங்கல் தரையில் நிற்கும் நேரம் குறைய வேண்டும். விடியற்காலையில் ஐந்தாறு கிலோமீட்டர் நடத்திக் கூட்டிப் போகலாம். பாகனைத் திட்டாதீர்கள். பெரும்பாலும் அந்த யானையோடு பேசுகிற ஒரே ஆள் அவர்தான்.

கேள்வி: கால்நடை மருத்துவம் படிக்கிறேன். கூண்டுக் குரங்குகளுக்கு என்ரிச்மென்ட், அதாவது அவை சலிப்பில்லாமல் இருக்க ஏற்பாடு, செய்ய ஒரு திட்டம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். என்னென்ன பொம்மை வாங்கலாம் என்று பட்டியல் கொடுக்க முடியுமா? சீனியர்கள், எதைப் போட்டாலும் மூன்றாம் நாள் குரங்கு திரும்பிப் பார்க்காது என்கிறார்கள்.
– மாணவர், நாமக்கல்

பதில்: தம்பி, பட்டியல் கேட்டதும் எனக்கு என் பழைய அதிகாரி ஞாபகம் வந்துவிட்டார். மேலிடத்திலிருந்து 'சூழல் செழுமையூட்டல்' என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. மறுவாரம் கூண்டுக்கு ஒரு டயர், ஒரு பந்து. போட்டோ எடுத்துக் கோப்பில் ஒட்டியாயிற்று. அந்தப் பந்து இரண்டு வருடம் மழையில் கிடந்து வெளிறிப்போனது. அடுத்த சுற்றறிக்கை வந்தபோது அதே பந்தைக் கழுவி மறுபடி போட்டோ எடுத்தார்கள்.

உன் சீனியர்கள் சொல்வது பொம்மைக்குச் சரி, சாப்பாட்டுக்குச் சரியில்லை. பசி தினமும் வருகிறது, அது பழசாவதில்லை. அதனால் பொம்மை வாங்கும் முன், இப்போது கொடுக்கிற அதே தீனியை எப்படிக் கொடுப்பது என்று யோசி. இது புதுச் சிந்தனை இல்லை. சிறைப்பட்ட குரங்கினங்களுக்கு நாம் செய்யக்கூடிய பெரிய நன்மை, விளையாடவோ வேலை செய்யவோ கருவிகளைச் செய்து வைப்பதுதான் என்று குரங்கினங்களை ஆராய்ந்த அமெரிக்கர் ராபர்ட் யெர்க்ஸ் 1925-லேயே எழுதினார். 1970-களில் ஹால் மார்க்கோவிட்ஸ் என்பவர் அமெரிக்காவில் போர்ட்லண்ட் மிருகக்காட்சி சாலையில் கிப்பன் குரங்குகளுக்கு ஒரு ஏற்பாடு செய்தார். விளக்கு எரிந்தால் கூண்டின் ஒரு முனையில் பிடியை இழுக்க வேண்டும், உடனே தாவித் தாவி மறுமுனைக்குப் போய் இன்னொரு பிடியை இழுத்தால் தீனி விழும். கிப்பன் பிறந்ததே தாவத்தான். இயந்திரம் வைத்து ஆட்டுவிக்கிறார் என்று அவரைக் குறை சொன்னவர்களும் உண்டு. என்னைக் கேட்டால், கிப்பனைச் சும்மா உட்கார வைத்ததை விட அது எவ்வளவோ மேல்.

காட்டில் அது என்ன செய்கிறதோ அதிலிருந்து தொடங்கு. சிம்பன்சி குச்சியை விட்டுக் கரையான் எடுத்துத் தின்பதை 1960-இல் ஆப்பிரிக்காவின் கோம்பே காட்டில் ஆராய்ச்சியாளர் ஜேன் குடால் பார்த்தார். அதை வைத்துத்தான் பல நாடுகளில் சிம்பன்சி அடைப்புக்குள் சிமெண்ட்டில் புற்று கட்டி, துளைக்குள் தேன் ஊற்றி வைக்கிறார்கள். நம் சோலைமந்தி, அதாவது சிங்கவால் குரங்கு, காட்டில் பட்டையை உரித்து, சருகைப் புரட்டி, மடங்கிய இலையைப் பிரித்துப் பூச்சி தேடும் சாதி. அதன் விரல்களுக்கு வேலை வேண்டும். நான் செய்தது இவ்வளவுதான்: முற்றிய, காய்ந்த மூங்கிலில் ஒரு கணு விட்டு ஒரு கணு துளை போட்டு, நிலக்கடலையும் பொரியும் உள்ளே போட்டுக் குறுக்கே தொங்கவிட்டேன். பச்சை மூங்கில் காய்ந்ததும் பிளந்து கையைக் கிழிக்கும், அதனால் வேண்டாம். தேங்காயை உரிக்காமல் கொடுத்தேன். பலாப்பழத்தை முழுசாகக் கட்டித் தொங்கவிட்டேன். ஓர் ஆள் ஆழத்துக்குச் சருகு குவித்து அதில் கம்பும் சோளமும் இறைத்தேன். தட்டில் வைத்தால் பத்து நிமிடத்தில் தீருகிற அதே தானியத்தை மதியம் வரை பொறுக்கின. குரங்கு கையில் பூமாலை என்று பழமொழி சொல்லிக் குரங்கைக் குற்றம் சொல்கிறோம். எங்கள் வேலையில் பிய்த்துப் போட்டிருந்தால்தான் அன்றைக்குப் பாஸ்.

தவறுகளையும் எழுதிக்கொள், அது உன் திட்டத்துக்குப் பட்டியலை விட உதவும். ஒரு டயரில் உள்ளே இருந்த கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருந்ததை நான் பார்க்கவில்லை. கருமந்திக் குட்டிக்கு உள்ளங்கையில் மூன்று தையல். சணல் கயிறு பிரிந்து ஒன்றின் விரலைச் சுற்றி இறுக்கிவிட்டது. நல்ல வேளையாகச் சாயங்காலம் எண்ணிக்கை எடுக்கும்போது கண்டுபிடித்தோம். தேன் தடவிய கட்டைக்கு ஒருநாள் குளவிப் படையே வந்தது. ரோட்டோர மரக்கிளையை ஒடித்துப் போட்டேன், அதில் பூச்சிமருந்து அடித்திருந்தது, நாலு குரங்குக்கு வாந்தி. எட்டு குரங்குக்கு ஒரே மூங்கிலை மாட்டிய அன்றைக்கு, பெரிய கடுவன் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது, மற்ற ஏழும் பட்டினி. எட்டுக்குப் பத்து மாட்ட வேண்டும். அதுவும் ஒன்றிலிருந்து பார்த்தால் இன்னொன்று தெரியாத மாதிரி.

நேரத்தையும் மாற்றிக்கொண்டே இரு. திங்கள்தோறும் மூங்கில் என்று வைத்தால் குரங்கு காலண்டர் போட்டுவிடும். எங்கள் பூங்காவுக்குச் செவ்வாய் விடுமுறை. அன்றைக்கு மான்கள் நிம்மதியாக வெளியே வந்து மேயும். ஆனால் நாட்டுக்குரங்குகள் சில, வேடிக்கை பார்க்க மனிதர்கள் யாரும் வரவில்லையே என்று கம்பியில் தொங்கி ரோட்டையே பார்த்துக்கொண்டிருக்கும். அதனால் அவற்றுக்குச் செவ்வாய்க்கிழமைதான் அதிக வேலை வைப்பேன்.

கேள்வி: தாத்தா காலத்திலிருந்து வீட்டில் பச்சைக்கிளி வளர்க்கிறோம். இப்போது இருப்பது ஆறு மாதமாக மார்பு இறகைத் தானே பிடுங்கிக்கொள்கிறது. மணி, கண்ணாடி எல்லாம் வாங்கி மாட்டினேன். வேறென்ன மாட்டலாம்?
– நாகர்கோவில்

பதில்: வேறெதுவும் மாட்ட வேண்டாம். பச்சைக்கிளியை வீட்டில் வைத்திருப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வனத்துறை அலுவலகத்தில் ஒப்படையுங்கள். மனசு கேட்காமல் மொட்டை மாடியில் திறந்து விட்டுவிடாதீர்கள். கிண்ணத்தில் தின்று வளர்ந்த கிளிக்கு இரை தேடவும் தெரியாது, வல்லூறு வருவதும் தெரியாது.

நீங்கள் வேறு பறவை வாங்குவதற்கு முன் நான் சொல்லிவிடுகிறேன். கடையில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கும் வெளிநாட்டுக் குருவிகளைத் தனியாக வாங்காதீர்கள், ஜோடியாகவோ கூட்டமாகவோ வைத்திருங்கள். வேப்பங்குச்சியும் முருங்கைக் கொத்தும் தினமும் செருகுங்கள். பிய்த்துக் கொட்டும், பெருக்கத்தான் வேண்டும். தினையைக் கிண்ணத்தில் போடாமல் கதிரோடு தொங்கவிடுங்கள். குளிக்க ஒரு தட்டுத் தண்ணீர் வையுங்கள். இந்த வேலையெல்லாம் சலிப்பு என்றால் பறவை வேண்டாம். முற்றத்தில் தண்ணீர் வையுங்கள், தானே வரும்.

கேள்வி: எங்கள் ஊரில் குளக்கரையிலும் தெருவோரத்திலும் ஆவுரோஞ்சிக் கல் நட்டிருக்கும். மாடுகள் முதுகு தேய்த்துக்கொள்ளும். நீங்கள் சொல்கிற விஷயத்தில் இதையும் சேர்க்கலாமோ?
– யாழ்ப்பாணம்

பதில்: சேர்க்கலாமாவா? முதல் இடத்தில் வைக்கலாம். உங்கள் கடிதம் வந்த அன்று எனக்கு வேறு கடிதம் படிக்க மனம் வரவில்லை. நம் முன்னோர் சொன்ன முப்பத்திரண்டு அறங்களில் ஆவுரிஞ்சு தறி ஒன்று. சத்திரம் கட்டுவது, தண்ணீர்ப் பந்தல் வைப்பது இவற்றோடு சமமாக, மாடு முதுகு சொறிய ஒரு கல் நடுவதையும் வைத்தார்கள். மாட்டுக்குப் பசி, தாகம் போக வேறு தேவையும் உண்டு என்று தெரிந்த ஆள் ஒருவர் அந்தப் பட்டியலை எழுதியிருக்கிறார்.

இன்றைக்குப் பெரிய பால் பண்ணைகளில் தானே சுழலும் பிரஷ் மாட்டி வைக்கிறார்கள். 2018-இல் கனடாவில் ஒரு சோதனை செய்தார்கள். பாரம் ஏற்றிய கதவைத் தள்ளினால்தான் பிரஷ்ஷிடம் போக முடியும். புதுத் தீவனத்துக்காக எவ்வளவு பாரத்தைத் தள்ளியதோ, கிட்டத்தட்ட அதே பாரத்தை முதுகு சொறியவும் மாடு தள்ளியது. அந்தக் கல் இன்னும் நிற்கிறதென்றால், ரோடு போடும்போது பிடுங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நேராகவே கேட்கிறேன். இதெல்லாம் சிறைக்குச் சுண்ணாம்பு அடிக்கிற வேலைதானே? மூங்கிலும் தேனும் கொடுத்து உங்கள் மனசாட்சியைத் தேற்றிக்கொள்கிறீர்கள்.
– சென்னை

பதில்: பாதி சரி. ஜெர்மனியின் மிருக வியாபாரி ஹாகன்பெக் 1907-இல் ஹாம்பர்க்கில் தன் மிருகக்காட்சி சாலையில் கம்பியை எடுத்துவிட்டு அகழி வெட்டிக் காட்டியதிலிருந்து உலகம் முழுக்க அதே பாணிதான். கம்பி போனதும் பார்க்கிறவர் மனசு லேசானது. உள்ளே இருக்கிறதுக்கு? பச்சை பெயிண்ட் அடித்த சிமெண்ட் பாறையைக் குரங்கு ஒரு நாளில் பார்த்து முடித்துவிடும். அலங்காரத்துக்குச் செய்கிற என்ரிச்மென்ட் ஏராளம், நானே செய்திருக்கிறேன், மேலே பந்துக் கதை சொன்னேனே.

மறுபாதிக்கு என் பதில்: கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஐந்தையும் வைத்து வித்தை காட்டக்கூடாது என்று 1998-இல் மத்திய அரசு தடை போட்டது. சர்க்கஸிலிருந்து பிடித்து வந்த சிங்கங்களை எங்கே விடுவீர்கள்? வண்டலூர் மாதிரி மீட்பு மையங்களில்தான் வைத்தார்கள். கூண்டு வண்டியிலேயே பிறந்த கிழச் சிங்கம் அது. அதற்குச் சுதந்திரம் பற்றிப் பேசுவதை விட, காலையில் நிழலும் மாலையில் எலும்போடு ஒரு துண்டு மாமிசமும் உருட்ட ஒரு மரக்கட்டையும் கொடுப்பதுதான் என் கைக்கு எட்டிய வேலை.

ஆனால் என் மனசாட்சி தேறவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். யாரோ வீட்டில் வளர்த்துக் கொண்டுவந்து விட்ட சோலைமந்தி ஒன்று, பெண், எங்களிடம் நாலு வருடம் தனியாக இருந்தது. கூட்டத்தோடு விட்டால் கடித்துக் குதறிவிடும் என்று மேலதிகாரிகள் பயந்தார்கள், எனக்கும் பயம்தான். அதற்கு நான் செய்த மாதிரி வேறு எந்தக் குரங்குக்கும் செய்ததில்லை. மூங்கில், கயிற்றூஞ்சல், புதிர்ப் பெட்டி, எல்லாம். எல்லாவற்றையும் ஒருமுறை தொட்டுவிட்டு மூலையில் போய்த் தன் முழங்காலைக் கட்டிக்கொண்டு முன்னும் பின்னும் ஆடும். ஹார்லோ 1958-இல் குரங்குக் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்துச் செய்த சோதனை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பால் கொடுத்த கம்பித் தாயை விட்டுவிட்டு, பால் கொடுக்காத துணித் தாயைக் கட்டிக்கொண்டு கிடந்தன குட்டிகள். அமெரிக்கச் சட்டம் ஆய்வகக் குரங்குகளின் மனநலத்தையும் கவனிக்க வேண்டும் என்று சொன்னது 1985-இல். நான் பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்தியவன், இதெல்லாம் பிறகு ஒரு டாக்டர் சொல்லித்தான் தெரியும். அவர்தான் வலை வழியாக முதலில் பழக்கலாம் என்றார். வலைக்கு அந்தப் பக்கம் ஒரு வயதான மந்தி. இரண்டாம் வாரம் பார்த்தேன், எங்கள் குரங்கு வலையோரம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறது, கிழவி வலைக்குள் விரலை விட்டுப் பேன் பார்க்கிறாள். புதிர்ப் பெட்டி பக்கத்திலேயே கிடந்தது, அதில் கடலையும் இருந்தது. நாலு வருடம். முதலில் துணை, அப்புறம் இடம், அப்புறம் வேலை, பொம்மை எல்லாம் கடைசி என்று இப்போது வரிசை சொல்கிறேன். அப்போது தலைகீழாகத்தான் செய்துகொண்டிருந்தேன்.

கேள்வி: இத்தனை வருடத்தில் உங்களை ஏமாற்றிய விலங்கு உண்டா?
– மதுரை

பதில்: என்னை விட நன்றாக ஏமாந்தவர்கள் இருக்கிறார்கள் என்பது ஓர் ஆறுதல். அமெரிக்காவில் ஒமாஹா மிருகக்காட்சி சாலையில் 1968-இல் ஃபூ மாஞ்சு என்ற ஒராங்குட்டான் அடிக்கடி குடும்பத்தோடு வெளியே வந்து மரத்தில் உட்கார்ந்திருந்தது. கதவைச் சரியாகப் பூட்டவில்லை என்று காப்பாளர்களுக்குத் திட்டு. கடைசியில் கையும் களவுமாகப் பிடித்தார்கள். அது ஒரு கம்பித் துண்டை விட்டுக் கதவின் தாழைத் தள்ளித் திறந்துகொண்டிருந்தது. கம்பியை எங்கே வைத்திருந்தது தெரியுமா? உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில், வாய்க்குள்.

என்னை ஏமாற்றியது மேலே சொன்ன அந்தக் கிழவி மந்திதான். மூங்கிலை நான் எப்படி மாட்டினாலும் அவள் மட்டும் தொடவே மாட்டாள். வயதாகிவிட்டது, விரல் வரவில்லை என்று பரிதாபப்பட்டு அவளுக்கு மட்டும் தனியாக ஒரு கை கடலை கொடுத்து வந்தேன், ஒரு வருடம் இருக்கும். ஒருநாள் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். குட்டிகள் மூங்கிலை ஆட்டி உலுக்க, கிழவி சரியாக அதற்குக் கீழே உட்கார்ந்து, விழுகிற கடலையில் பாதியைக் கன்னப் பையில் அடக்கிக்கொண்டிருந்தாள். நான் கதவைத் திறந்ததும் எழுந்து, நொண்டிக்கொண்டே என்னிடம் வந்து கை நீட்டினாள்.

கொடுத்தேன்.